இயர்புக் பக்கம்: பெரிய படம் ஒன்று, பெயர்கள் எல்லாம்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் 9 முதல் 12 வரை நான்கு வகுப்புகள். அந்தப் பிள்ளைகளே படமெடுத்து, எழுதி, பக்கம் கட்டி ஆண்டுக்கு ஒருமுறை அச்சுக்கு அனுப்பும் கெட்டி அட்டைப் புத்தகம்தான் இயர்புக். அங்கே வளரும் நம் பிள்ளைகள் பலரும் இந்தக் குழுவில் சேர்கிறார்கள். மென்பொருளை ஒரே வாரத்தில் பழகிக்கொள்கிறார்கள். ஆனால் எந்தப் படத்தை எங்கே, எவ்வளவு பெரிதாக வைப்பது என்பதை மென்பொருள் சொல்லித் தராது. இந்தப் பதிவு அதைப் பற்றித்தான்.

புத்தகம் கைக்கு வந்ததும் பிள்ளை முதலில் தேடுவது தன் முகத்தை. அடுத்து நண்பர்களின் முகங்கள். பிறகு புரட்டும்போது ஏதோ ஒரு படம் கையை நிறுத்துகிறது. நல்ல பக்கத்துக்கு வேலை இரண்டுதான்: ஒரு படத்தில் கண்ணை நிறுத்த வேண்டும், அதில் இருப்பவர் யார், என்ன செய்கிறார் என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டுக்கும் உதவாத அலங்காரம் எதுவானாலும் எடுத்துவிடலாம்.

தவறான பக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். எட்டுப் படங்கள், எட்டும் ஏறக்குறைய ஒரே அளவு, ஒவ்வொன்றும் கொஞ்சம் சாய்ந்து நிற்கும். பின்னணியில் மங்கலாக ஒரு கூடைப்பந்து. படங்களைச் சுற்றி நிழல். தலைப்புக்கு ஒரு எழுத்துரு, துணைத்தலைப்புக்கு இன்னொன்று, படக்குறிப்புக்கு மூன்றாவது. எல்லாம் ஒரே அளவில் இருந்தால் கண்ணுக்குத் தொடங்க இடமில்லை. சாய்த்து வைத்த படங்களுக்கு இடையே முக்கோணச் சந்துகள் உருவாகி, பார்வை படத்தை விட்டுச் சந்துகளுக்குப் போகிறது. பின்னணிப் படமோ மேலே வரும் எழுத்தின் தெளிவைத் தின்கிறது.

இனி அளவுக்கு வருவோம். இயர்புக்கில் ஒற்றைப் பக்கம் என்று எதையும் வடிவமைக்கக் கூடாது. புத்தகத்தைத் திறந்தால் கண்ணில் படுவது எதிரெதிரான இரண்டு பக்கங்கள். அந்த இரட்டைப் பக்கம்தான் அலகு. ஒரு இரட்டைப் பக்கத்துக்கு ஒரு பொருள். பரவலாக உள்ள அளவுகள் 7¾ × 10½, 8½ × 11, 9 × 12 அங்குலம். இயர்புக் உலகில் அங்குலத்தைவிடப் பைக்கா வசதி: 6 பைக்கா ஓர் அங்குலம், 12 பாயிண்ட் ஒரு பைக்கா. 8½ × 11 புத்தகத்தை விரித்தால் அகலம் 102 பைக்கா, உயரம் 66.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு பக்கத்தின் அகலம் 51 பைக்கா. வெளி ஓரத்துக்கு 3, நடுமடிப்புப் பக்கம் 1 விட்டால் மீதி 47. அதில் தலா 7 பைக்கா அகலமுள்ள ஆறு பத்திகளும், அவற்றுக்கு இடையே 1 பைக்கா வீதம் ஐந்து இடைவெளிகளும் மிச்சமில்லாமல் பொருந்தும். இரண்டு பக்கமும் சேர்த்து 12 பத்திகள். மேலே 4, கீழே 5 பைக்கா ஓரம் விட்டால் பக்க எண்ணும் பகுதிப் பெயரும் கீழ் ஓரத்தில் உட்கார்ந்துவிடும். உள்ளடக்கத்துக்கு 57 பைக்கா உயரம் கிடைக்கும். இனி ஒவ்வொரு படமும் ஒவ்வொரு எழுத்துப் பெட்டியும் இந்தப் பத்திகளின் விளிம்பில் தொடங்கி விளிம்பில் முடிய வேண்டும். கண்மதிப்பில் இழுத்து வைத்த படம் திரையில் சரியாகத் தெரியும். அச்சில் ஒரு இடத்தில் 9 பாயிண்ட், இன்னொரு இடத்தில் 14 பாயிண்ட் என இடைவெளி மாறுவதை, ஏன் என்று சொல்லத் தெரியாதவர்கள்கூட உணர்வார்கள்.

இந்தப் பத்திக் கட்டம் தயாரானதும் முதலில் வைக்க வேண்டியது முதன்மைப் படம். தலைப்பு, நிறம், எழுத்துரு எல்லாம் அதற்குப் பிறகு. இரட்டைப் பக்கத்தின் வேறெந்தப் படத்தைவிடவும் இது பரப்பில் குறைந்தது இரண்டு, இரண்டரை மடங்கு பெரிதாக இருக்க வேண்டும். இடப்பக்கம் ஐந்து பத்தி, வலப்பக்கம் இரண்டு பத்தி எடுத்துக்கொண்டால் மடிப்பின் 2 பைக்காவையும் சேர்த்து அகலம் 56 பைக்கா. கேமரா தரும் 3:2 விகிதத்தில் உயரம் 37 பைக்காவுக்குச் சற்று மேல். அடுத்த பெரிய படத்தை நான்கு பத்திக்கு, அதாவது 31 பைக்கா அகலத்துக்கு மேல் போகவிடாமல் நிறுத்தினால் முதன்மைப் படம் அதைவிட மூன்று மடங்குக்கு மேல் பெரிது. போட்டியே இல்லை.

இதில் ஒரு பொறி உண்டு. படத்தை மூன்றாகப் பிரித்து, மூன்றில் ஒரு கோட்டில் ஆளை நிறுத்திப் படமெடுக்கப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறோம். மேலே சொன்ன 56 பைக்கா படத்தில் வலப்பக்க மூன்றிலொரு கோடு 37 பைக்காவைச் சற்றுத் தாண்டி விழுகிறது. புத்தகத்தின் மடிப்பு விழுவது 40 பைக்காவில். இடைவெளி அரை அங்குலம்கூட இல்லை. அந்தக் கோட்டில் நிற்கும் பெண்ணின் ஒரு கன்னம் மடிப்புக்குள் போய்விடும். புத்தகம் தடிமனாகத் தடிமனாக இது மோசமாகும், ஏனென்றால் பக்கங்கள் முழுக்கத் தட்டையாக விரியாது. முக்கியமான ஆள் இடப்பக்கக் கோட்டில் நிற்கும் படத்தைத் தேர்ந்தெடுங்கள். அப்படிப் படம் இல்லையென்றால் மடிப்பைத் தாண்டாமல் ஒரே பக்கத்தின் ஆறு பத்தியையும், 47 பைக்காவையும், அதற்குக் கொடுத்துவிடுங்கள்.

படத்தில் இருப்பவர் பார்க்கும் திசை, பந்து போகும் திசை, ஓடும் திசை எல்லாம் மடிப்பை நோக்கி இருக்கட்டும். வெளியே பார்க்கும் முகம் வாசகரையும் வெளியே கூட்டிப் போகிறது. அதற்காகப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போடக் கூடாது. சட்டை எண் இடவலம் மாறும், சுவரில் இருக்கும் பள்ளிப் பெயர் கண்ணாடியில் தெரிவதுபோல் ஆகும், வலக்கைக்காரர் இடக்கைக்காரர் ஆவார். படத்தின் இடத்தை மாற்றுங்கள், படத்தை மாற்ற வேண்டாம்.

பிக்சல் கணக்கைப் பக்கம் கட்டும்போதே பார்த்துவிட வேண்டும். அச்சில் வரும் அளவில் அங்குலத்துக்கு 300 பிக்சல். 56 பைக்கா என்பது 9.3 அங்குலம், அகலத்தில் 2,800 பிக்சல் தேவை. 24 மெகாபிக்சல் கேமரா 6,000 பிக்சல் தருவதால் பாதிக்கு மேல் வெட்டினாலும் தாங்கும். சமூக வலைத்தளத்திலிருந்து எடுத்த 1,080 பிக்சல் அகலப் படம் 3.6 அங்குலத்துக்குத்தான் வரும். நம் கட்டத்தில் மூன்று பத்திகூட நிரம்பாது. வாட்ஸப் வழியாக வந்த படம் பெரும்பாலும் சுருங்கியே வந்திருக்கும். கோப்பாக இணைத்தோ, டிரைவில் ஏற்றியோ மூலப்படத்தைக் கேட்டு வாங்குங்கள். சின்னப் படத்தை மென்பொருளில் இழுத்துப் பெரிதாக்கி 300 என்று எண்ணை மாற்றி எழுதினால் எண் மட்டும்தான் மாறும்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அச்சில் மை காகிதத்தில் சற்றுப் பரவும். அதனால் நடுத்தர நிறங்கள் திரையில் தெரிவதைவிட இருண்டு விழும். ஜிம் விளக்கில் எடுத்த படங்களில் முதலில் விவரம் இழப்பவை மாநிற, கருநிற முகங்கள். பக்கத்தில் உள்ள வெள்ளைச் சட்டையை வைத்து வெளிச்சத்தைச் சரிசெய்தால் நம் பிள்ளையின் கண்ணும் மூக்கும் கரும்பட்டையாகிவிடும். ஒவ்வொரு படத்திலும் முகத்தைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். சட்டையின் மடிப்பு கொஞ்சம் வெளுத்தால் வெளுக்கட்டும். ஒரு மாணவரின் முகம் தெளிவாக அச்சாவது அந்த மாணவருக்குப் பள்ளி தர வேண்டிய குறைந்தபட்ச மரியாதை.

இடைவெளிக்கு வருவோம். படங்களுக்கு இடையே, படத்துக்கும் குறிப்புக்கும் இடையே எங்கும் ஒரே அளவு, 1 பைக்கா. இப்போது பல குழுக்கள் இதை அரைப் பைக்கா, அதற்கும் கீழே என்று இறுக்கி, பகுதிகளைப் பிரிக்கும் இடத்தில் மட்டும் 3 பைக்கா விடுகின்றன. இரண்டும் நன்றாகவே இருக்கும், கலக்காதவரை. பக்கத்தின் குறுக்கே இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரு வெற்றுக் கோடும் ஓட வேண்டும். ஐலைன் என்பார்கள். உள்ளடக்க உயரத்தில் மூன்றிலொரு பங்கில், நம் கணக்கில் மேல் ஓரத்துக்குக் கீழே 19 பைக்காவில், 1 பைக்கா அகல வெள்ளைக் கோடு. மற்றப் படங்கள் மேலிருந்து வந்து அதில் நிற்கும், கீழிருந்து எழுந்து அதில் முட்டும். முதன்மைப் படம் மட்டும் அதைத் தாண்டும். இடம் வலம் இரண்டும் ஒரே பக்கம் என்று கண்ணை நம்பவைப்பது இந்தக் கோடுதான்.

வெற்றிடம் இருப்பது நல்லது. ஆனால் அது வெளி ஓரத்துக்குத் தள்ளப்பட வேண்டும். நான்கு படங்களுக்கு நடுவே சிக்கிய வெற்றிடம் ஒரு படம் விழுந்துபோன இடம்போலத் தெரியும். மூலைகளை நிரப்ப நட்சத்திரம், இசைக்குறி போன்ற கிளிப் ஆர்ட்டைத் தேடுகிறீர்கள் என்றால் முதன்மைப் படம் இன்னும் போதுமான அளவு பெரிதாக இல்லை என்று பொருள்.

எழுத்துருக் குடும்பம் இரண்டு போதும், புத்தகம் முழுவதற்கும். கட்டுரை 9 அல்லது 10 பாயிண்ட், படக்குறிப்பு 8, பக்க எண் 7 அல்லது 8, துணைத்தலைப்பு 14 முதல் 18, தலைப்பு 36க்கு மேல். படக்குறிப்பை இரண்டு பத்தி அகலத்தில், 15 பைக்காவில் போட்டால் வரி படிக்க இதமாக இருக்கும். ஒரே பத்தியில் போட்டால் வரிக்கு நான்கு சொல் வந்து துண்டுதுண்டாகும். சிறிய எழுத்து எப்போதும் கறுப்பு மை மட்டும் 100 விழுக்காடாக இருக்கட்டும். வண்ண அச்சின் நான்கு மையும் கலந்த கறுப்பில் 8 பாயிண்ட் எழுத்தை அடித்தால், மைக்கு ஒன்றான அச்சுத் தகடுகள் இம்மி விலகினாலும் எழுத்தைச் சுற்றி வண்ண நிழல் தெரியும். படத்தின் மேல் வெள்ளை எழுத்துப் போடுவதிலும் இதே ஆபத்து. மெல்லிய கோடுகளுக்குள் மை புகுந்து எழுத்தை அடைத்துவிடும். போட்டே ஆக வேண்டும் என்றால் தடித்த எழுத்து, படத்தின் சமமான இருண்ட பகுதி.

படம் பக்க விளிம்பு வரை ஓட வேண்டுமானால் வெட்டு எல்லைக்கு வெளியேயும் 1/8 அங்குலம் நீட்டி வையுங்கள். நீட்டாவிட்டால் வெட்டும் கத்தி சற்று விலகினாலும் ஓரத்தில் வெள்ளைக் கீற்று விழும்.

இனிப் படக்குறிப்பு. பக்கத்தின் அழகைப் பற்றிப் பேசுபவர்கள் அதிகம் கவனிக்காத இடம் இதுதான். என் பார்வையில் பக்கத்தின் ஆயுளைத் தீர்மானிப்பதும் இதுதான். பெயர் இல்லாத படம் இயர்புக்கில் இருக்கக் கூடாது. பின்னால் மங்கலாகத் தெரியும் கூட்டம் போகட்டும். முகம் அடையாளம் தெரியும் ஒவ்வொருவருக்கும் பெயரும் வகுப்பும் வேண்டும். படமெடுத்தவர் அந்த இடத்திலேயே கேட்டுக் கைப்பேசியில் எழுதிக்கொண்டால்தான் இது நடக்கும். மூன்று மாதம் கழித்து ‘நீலச் சட்டைப் பையன் யார்’ என்று தேடத் தொடங்கினால் விடை கிடைக்காமல், ‘நண்பர்கள் மகிழ்ச்சியாக’ என்று எழுதிவிடுவார்கள். மகிழ்ச்சி படத்திலேயே தெரிகிறதே.

நல்ல குறிப்புக்கு மூன்று அடுக்கு. முதல் வாக்கியம் நிகழ்காலத்தில்: யார், என்ன செய்கிறார். இரண்டாவது இறந்தகாலத்தில்: படத்தில் தெரியாத விவரம், முன்னே என்ன நடந்தது, பின்னே என்ன ஆனது. மூன்றாவது அந்த மாணவரின் சொந்தச் சொல். ஒரு மாதிரி: ‘கிளாரினெட்டைச் சட்டைக்குள் மறைத்தபடி மைதானத்தின் ஓரத்தில் மழைக்கு ஒதுங்குகிறார் 11ஆம் வகுப்பு’ இன்னார். ‘மழை விட்டதும் குழு நிகழ்ச்சியைச் சுருக்கி வாசித்தது. “துளைகளை மூடும் பேட் ஊறிவிட்டால் எந்தச் சுரமும் ஒழுங்காக வராது, நான் நனைந்தால் பரவாயில்லை” என்றார்.’ நாற்பது சொல்கூட இல்லை. ஆனால் படத்தை மறுபடி பார்க்கவைக்கும்.

குறிப்பு தன் படத்தைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். ஒரு மூலையில் ஆறு குறிப்பையும் அடுக்கி ‘மேல் இடது’, ‘கீழ் வலது’ என்று எழுதினால் பாதிப்பேர் படிக்கமாட்டார்கள். ஒரே இடத்தில் அடுக்குவது இரண்டைத் தாண்ட வேண்டாம். இரண்டு படங்களுக்கு நடுவில் குறிப்பைச் செருகினால் அது எந்தப் படத்துடையது என்ற குழப்பம் வரும், வெளிப்பக்கம் தள்ளுங்கள்.

வகுப்புப் படங்களின் பக்கம், அதாவது ஒவ்வொருவரின் தனி முகப்படமும் வரிசையாக வரும் பக்கம், வேறு வகை. அங்கே வடிவமைப்பாளருக்கு வேலை குறைவு, திருத்துபவருக்கு அதிகம். தலைகள் ஒரே அளவு, கண்கள் ஒரே மட்டம், பின்னணி ஒரே நிறம். பெயர்கள் வெளி ஓரத்தில் வரிசை வரிசையாக. இங்கே வரும் பெரிய விபத்து: ஒரு பெயர் விடுபட்டால் அந்த வரிசையில் அதற்குப் பின் வரும் எல்லாப் பெயரும் ஒரு முகம் தள்ளிப் போகும். ஒவ்வொரு வரிசையிலும் முகங்களை எண்ணிப் பெயர்களை எண்ணுங்கள். பிறகு கடைசியிலிருந்து முதலுக்குப் படியுங்கள்; முன்னிருந்து படித்தால் கண் தானாகவே திருத்திக்கொண்டு போய்விடும்.

நம் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தில் தனிச் சிக்கல் உண்டு. வரிசை குடும்பப் பெயர்ப்படி. நம்மில் அப்பாவின் பெயர் அந்த இடத்தில் நிற்கிறது, சிலருக்கு வெறும் இனிஷியல். கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்கு முதல் பெயர் இடத்தில் எஃப்என்யூ (‘முதல் பெயர் தெரியாது’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று பதிவாகி, அது படக் கோப்பு வழியாகப் புத்தகத்திலும் ஏறிவிட வாய்ப்பு உண்டு. பள்ளிப் பதிவேட்டில் உள்ளது ஒன்று, நண்பர்கள் கூப்பிடுவது ஒன்று என்று இருந்தால், எது அச்சாக வேண்டும் என்பதைப் பள்ளி தொடங்கிய முதல் மாதத்திலேயே குழுவிடம் எழுதிக் கொடுத்துவிடுவது நல்லது. யார் எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று காட்டும் பின்பக்கப் பெயர் அட்டவணையிலும் அதே எழுத்துக்கூட்டல் வர வேண்டும். இரண்டு எழுத்துக்கூட்டல் இருந்தால் அட்டவணை ஒரே பிள்ளையை இரண்டு ஆளாக்கிவிடும்.

அந்த அட்டவணை ஆண்டு முழுவதும் பயன்படும் கருவி. வகுப்புப் படம் தவிர எத்தனை இடத்தில் ஒருவர் வருகிறார் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். ஒவ்வொரு மாணவரும் மூன்று முறையாவது வர வேண்டும் என்பது நல்ல குழுக்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு. மாணவர் தலைவரும் கால்பந்து நட்சத்திரமும் பதினைந்து முறை வந்திருப்பார்கள். மதிய உணவின்போது நூலகத்தில் சதுரங்கம் ஆடும் பிள்ளை ஒருமுறைகூட வந்திருக்காது. முதன்மைப் படத்தைத் தொடாமல் இதைச் சரிசெய்ய ஒரு வழி உண்டு. இரட்டைப் பக்கத்தின் வெளி ஓரத்தில் இரண்டு பத்தியை ஒதுக்கி, ஐந்து சின்ன முகங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி, இரண்டு வரிப் பதில். இசைக்குழுப் பக்கமென்றால் ‘வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் எப்படி வருகிறாய்?’ ஐந்து பேர் புதிதாகப் புத்தகத்துக்குள் வந்துவிட்டார்கள்.

அச்சகத்தின் கணக்கையும் பக்கம் கட்டுபவர் தெரிந்திருக்க வேண்டும். ஒரே பெரிய தாளில் அச்சாகி மடிக்கப்படும் பக்கங்களின் தொகுதியை ஃபாரம் என்பார்கள். பெரும்பாலும் 16 பக்கம் ஒரு ஃபாரம். முதல் ஃபாரத்தின் நடு இரட்டைப் பக்கம் 8-9, அடுத்தது 24-25, பிறகு 40-41, 56-57. இந்த இடங்களில் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் அச்சாவதால் மடிப்பைத் தாண்டும் படம் துல்லியமாகச் சேரும். மற்ற இடங்களில் சற்று ஏறி இறங்கலாம். மடிப்பைத் தாண்டும் பெரிய படங்களை முடிந்தவரை இந்தப் பக்கங்களுக்கு ஒதுக்குங்கள். மற்ற இடங்களில் தலைப்பு மடிப்பைத் தாண்டினால், எழுத்தின் நடுவே வெட்டாமல் இரண்டு சொல்லுக்கு இடையே உள்ள வெளியில் மடிப்பு விழும்படி நகர்த்துங்கள்.

மெய்ப்பு, அதாவது அச்சாகும் முன் திருத்தம் பார்க்க வரும் பிரதி, வந்ததும் திரையில் மட்டும் பார்க்காதீர்கள். இரட்டைப் பக்கத்தை உண்மை அளவில் தாளில் எடுத்து, நடுவில் மடித்துப் பாருங்கள். மடிப்பில் முகம் சிக்கியிருக்கிறதா, 8 பாயிண்ட் எழுத்து படிக்க முடிகிறதா, பின்வரிசையில் யாராவது விரலால் தகாத சைகை காட்டுகிறார்களா, சட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். கூடவே, பிள்ளையின் பெயரோ படமோ வெளியாக வேண்டாம் என்று பெற்றோர் எழுதிக் கொடுத்த பட்டியலை அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள். மாணவர் பதிவுகளின் தனியுரிமை பற்றிய 1974ஆம் ஆண்டின் ஃபெர்பா சட்டம் பெற்றோருக்கு அந்த உரிமையைத் தருகிறது. பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

கடைசியாக, 12ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெற்றோர் காசு கொடுத்துப் போடும் வாழ்த்துப் பக்கங்கள். முழுப் பக்கம், அரை, கால், அரைக்கால் என்று விற்பார்கள். கால் பக்கத்துக்கு மூன்று படத்துக்கு மேல் வேண்டாம்: ஒரு குழந்தைப் படம், ஒரு இப்போதைய படம், தேவையானால் குடும்பப் படம். பழைய 4 × 6 பிரதியை இரண்டு மடங்கு பெரிதாக்கப் போகிறீர்கள் என்றால் அங்குலத்துக்கு 600 புள்ளி (600 டிபிஐ) என்ற அளவில் ஸ்கேன் செய்யுங்கள். வாழ்த்தைத் தமிழில் எழுத விரும்பும் பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. அச்சகத்தின் இணையக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும். பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் சாதாரண எழுத்து அமைப்பில் (பாராகிராஃப் கம்போசர்) ஒட்டினால் ‘கொ’வின் கொம்பும் காலும் இடம் மாறும், வேர்ல்ட்-ரெடி அமைப்பைத் தேர்ந்தால்தான் சரியாக நிற்கும். குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் இல்லையென்றால் பிழையை அங்கே யாரும் பிடிக்க மாட்டார்கள். ஆகவே வரியை நீங்களே அடித்து, எழுத்துகளை வரைகோட்டு வடிவங்களாக (அவுட்லைன்) மாற்றி, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். மெய்ப்பையும் நீங்களே வாங்கிப் படியுங்கள்.